தேமல் போலத் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்

இடுப்பிலோ தொடையிலோ வெளிறிய திட்டு தென்பட்டால், தேமல் என்று எண்ணி மருந்தகத்தில் களிம்பு வாங்கிப் பூசுவோர் பலர். பெரும்பாலும் அது தேமலாகத்தான் இருக்கும். ஆனால், ஆண்டுக்கணக்கில் மறையாத திட்டு 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' எனும் அரிய நோயாகவும் இருக்கலாம்.

'டி' வகை வெள்ளை அணுக்கள் தோலில் தங்கிப் பெருகுவதால் வரும் லிம்போமா இது. பிறருக்குத் தொற்றாது. 1806இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேருக்கு, முற்றிய கட்டிகள் காளானைப் போலத் தெரிந்தன. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான். பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வெள்ளை நிறத்தவரிடம் சிவப்பாகத் தெரியும் இந்நோய், மாநிறத்தவரிடம், குறிப்பாக இளையோரிடம், வெளிறிய திட்டாக வரக்கூடும். பிட்டம், இடுப்பு, தொடை என வெயில் படாத இடங்களில்தான் அதிகம். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் சற்று மங்கும். நோயைக் கண்டறிவது தாமதமாக அதுவும் ஒரு காரணம்.

தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். முதல் சோதனையில் தெளிவாகாவிட்டால் மருத்துவர் மீண்டும் எடுக்கச் சொல்வார்; மறுக்க வேண்டாம். தொடக்க நிலையில் களிம்பும் புறஊதா ஒளி சிகிச்சையுமே பலருக்குப் போதுமானவை. அந்நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் குறைவதில்லை.