வெற்றியும் விதியும்

பந்தயத்தில் முதலாவதாக வந்தவரே வென்றவர் என்பது உலக வழக்கு. ஆயின், முதலாவதாக வந்த வண்டியே விதிக்குப் புறம்பானதாக இருந்தால் வெற்றி யாருக்கு உரியது? அமெரிக்க நாட்டு ஸ்டாக் கார் பந்தயத்தின் வரலாறு இக்கேள்வியோடுதான் தொடங்கிற்று.

ஸ்டாக் கார் என்பது, கடையில் எவரும் வாங்கக்கூடிய காருக்கு முதலில் வழங்கிய பெயராகும். 1948இல் பில் பிரான்ஸ் தலைமையில் அமைந்த நாஸ்கார் சங்கம், அத்தகைய புதுக் கார்களுக்கான தன் முதற்பந்தயத்தை 1949 ஜூன் 19ஆம் நாள் வட கரோலினாவிலுள்ள சார்லட் நகரில் நடத்திற்று. விற்பனைக்கு வந்த அமைப்பை மாற்றலாகாது என்பது விதி. கிளென் டனவே முதலாவதாக வந்தார். ஆனால், அவர் ஓட்டிய போர்டு காரின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தமை சோதனையில் வெளிப்பட்டது. கள்ளச்சாராயம் கடத்துவோர் கையாண்ட உத்தி அது. வளைவுகளில் வண்டி சாயாமல் விரைய உதவும். டனவேயின் வெற்றி நீக்கப்பட்டு, ஜிம் ரோப்பர் வென்றவராக அறிவிக்கப்பட்டார். கார் உரிமையாளர் நீதிமன்றம் சென்றார், வழக்குத் தள்ளுபடியாயிற்று.

1960இல் வில்சன் நகரப் பந்தயத்தில் எம்மானுவல் செர்வாகிஸ், அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் தொட்டியால் வெற்றியை இழந்தார். பின்னர்ச் சங்கத்தின் போக்கு மாறியது. பந்தயம் பார்த்த மக்கள், வென்றவர் யார் என அறிந்தே வீடு திரும்ப வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. தண்டனை, பணத்தோடும் புள்ளிகளோடும் நின்றது.

1983இல் சார்லட்டில் ரிச்சர்டு பெட்டி வென்றபோது, அவருடைய இயந்திரம் 358 கன அங்குல வரம்பைக் கடந்து ஏறத்தாழ 382 கன அங்குலம் இருந்தது. டயர்களும் விதிப்படி மாட்டப்படவில்லை. 35,000 டாலர் அபராதமும் 104 புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. வெற்றியோ அவரிடமே நின்றது. அவருடைய 200 வெற்றிகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இம்முறையின் குறை இங்கே புலப்படும். அபராதம் தவறியவரைச் சுட்டதே தவிர, விதிப்படி ஓட்டி இரண்டாவதாக வந்தவருக்கு எதையும் மீட்டுத் தரவில்லை. வசதி படைத்த குழுவினர்க்கு அபராதம் என்பது செலவுக் கணக்கில் மற்றுமொரு வரியாகவும் ஆகிவிடலாம்.

2019இல் சங்கம் பழைய நெறிக்குத் திரும்பியது. பந்தயத்துக்குப் பிந்திய சோதனையில் தவறினால் வெற்றி நீங்கும் என அறிவித்தது. 2022 ஜூலை 24ஆம் நாள் போகோனோ பந்தயத்தில் அது மெய்யாயிற்று. கார்களின் முன்முகப்பில் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய நாடாவுக்காக, முதலிரு இடங்களைப் பெற்ற டென்னி ஹாம்லினும் கைல் புஷ்ஷும் நீக்கப்பட்டனர். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட், ஒரு சுற்றிலேனும் முன்னணியில் ஓடாதவராயினும், வெற்றி பெற்றார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில், 1960க்குப் பின் சோதனையில் வெற்றியை இழந்த முதல் ஓட்டுநர் ஹாம்லினே.

மக்கள் கண்ணால் கண்ட முடிவைப் பின்னர் மாற்றுவது கசப்பானதே. எனினும், தவறியவரைத் தண்டிப்பது நீதியின் பாதியே ஆகும். தவற்றினால் இழந்தவருக்கு உரியதை வழங்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது.