படமும் எழுத்துரிமையும்: கரவெட்டிக் கல்வி வரலாற்றினூடாக ஒரு நோக்கு

படநூல்களைக் கொண்டு எழுத்தாற்றலை வளர்த்தல் பெரும்பாலும் பயிற்றுமுறைப் பிரச்சினையாகவே நோக்கப்படுகின்றது. ஆயின், யார் எழுதலாம், எதனை எழுதலாம் என்னும் சமூக வரலாற்று வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன.

திண்ணைப் பள்ளிக்கூட மரபில் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஏட்டிற் பெயர்த்தெழுதிற்று. பிரதிசெய்வார் இன்றேல் நூலே அழியும் ஓலைச்சுவடிப் பண்பாட்டில் அதற்குத் தேவை இருந்தது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் எளிய வசனத்தை அச்சிற் கொணர்ந்தன. எனினும், நீதியையும் சமய ஒழுக்கத்தையும் பதிப்பித்தலே அவற்றின் நோக்கம். பிள்ளை தான் கண்டதை எழுதுவதன்று. ஐரோப்பாவில் கொமேனியஸ் 1658இல் நியூரெம்பர்க்கில் வெளியிட்ட படநூல், காணும் பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழியை வகுத்தது.

யாழ்ப்பாணத்திலோ அடிப்படைத் தடை வேறாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் நிலத்தில் இருத்தப்பட்டனர். வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளைக்கு எழுதுவதற்கான மேசையும் மறுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டளவில் சமஆசனம் நடைமுறைக்கு வந்தபோது பாடசாலைகள் எரிக்கப்பட்டமை, அம்மறுப்பின் வன்மையைக் காட்டும். இப்பின்னணியிலேயே, 1914இல் கா. சூரன் கரவெட்டிப் பகுதியில் நிறுவிய தேவரையாளிப் பாடசாலையின் முக்கியத்துவத்தை நாம் உணரவேண்டும். பின்னாளில் அதன் ஆசிரியராக விளங்கிய தெணியான், சாதியொடுக்குமுறையையே தம் நாவல்களின் பொருளாக்கினார். பள்ளியில் இடம் பெற்றமை, இலக்கியத்தில் இடம் பெறுவதற்கு வழிவகுத்தது.

இடம் கிடைத்தபின் எழுவதே பொருள் பற்றிய வினா. 1963இல் பிரேசிலின் அங்கிக்கோசில் பாவுலோ பிறேயிறே எழுத்தறியா உழைப்பாளரிடம் முதலில் வைத்தவை, அவர்தம் வாழ்க்கையைக் காட்டும் படங்களாகும். அவற்றைப் பற்றி உரையாடிய பின்னரே எழுத்து வந்தது. உலகை ஆக்குவோர் தாமே என்ற உணர்வு எழுத்திற்கு முன்நிபந்தனையாயிற்று.

இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. எனவே, அந்நூல்களின் படங்களில் எவர் உழைப்பு இடம்பெறுகின்றது என்பது பொதுப் பிரச்சினையாகும். பனைத்தொழிலைக் காட்டும் படமொன்றின் முன், பாளைக்கத்தி, தளைநார், முட்டி என்னும் சொற்களைச் சில வேளை ஆசிரியரிலும் நன்கு அறிந்தது பிள்ளையே. அவ்வறிவு வாக்கியமாகும்போதே எழுத்தாற்றல் வளரும். படத்தின் கீழ் ஆயத்தமான வாக்கியத்தையும் அச்சிட்டு அதனையே எழுதப் பணிப்போமாயின், நாம் மீண்டும் பெயர்த்தெழுதும் மரபிற்கே திரும்புகின்றோம்.