அரக்கனுக்குப் புலித்தலை வந்த கதை

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த நம்மவர்களுக்கு அரக்கன் என்றால், தசராவுக்குப் பட்டாசோடு எரிகிற பத்துத்தலை ராவணன்தான். இன்று கம்ப்யூட்டர் விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிற பிள்ளைகளைக் கேட்டால், "புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் பார்த்திருக்கும்" என்கிறார்கள். எங்கிருந்து வந்தது இந்தப் புலி?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதைவேட விளையாட்டை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 'கோல்ச்சாக்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு ராட்சசன் சிகாகோவுக்கு வந்தான். எதிராளி யாரை நம்புகிறானோ அவர் உருவிலேயே எதிரில் நிற்பான். மந்திரித்த அம்பு பட்டால்தான் சாவான். மறு ஆண்டு டிசம்பரில் அவன் அப்படியே விளையாட்டுக்குள் புகுந்துவிட்டான். 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் டேவிட் டிராம்பியர் வரைந்த படம், புகைக்குழாய் பிடித்த புலிமுகத்தை நிலைநிறுத்தியது. ஆக, அவர்கள் ராட்சசன் ராமாயணத்திலிருந்து நேரே போனவன் இல்லை, டி.வி. வழியாகப் போனவன்!

ஆனாலும் சரக்கு நம்முடையதுதான். அசோகவனத்தில் சீதையைச் சூழ்ந்த அரக்கியருக்குப் பன்றி, மான், எருமை முகங்களோடு புலிமுகமும் உண்டு என்கிறார் வால்மீகி. நம்பும்படி உருமாறுவதோ மாரீசனின் பொன்மான், ராவணனின் துறவி வேடம். கம்பனில் சூர்ப்பணகை அழகியாகவே நடந்து வருகிறாள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு குணமுத்திரை உண்டு. ராட்சசனுக்குக் குத்தியது "தீயவன்". அப்படியானால் விபீடணனை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தப்பு அண்ணன் மேல்தான் என்று தெரிந்தும் செஞ்சோற்றுக்கடனுக்காகச் செத்த கும்பகருணனை?

நாகர் கதையும் இப்படித்தான். விளையாட்டில் அவர்கள் மனிதத்தலைப் பாம்புகள், கொன்றால் மதிப்பெண். நம் மணிமேகலையில், மரக்கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான் சாதுவன். நரமாமிசம் தின்கிறவர்கள் அவர்கள். அவனிடம் வாளும் இல்லை, மந்திர அம்பும் இல்லை. அவர்கள் பாஷை மட்டும் தெரியும். அந்தப் பாஷையில் பேசியே அவர்கள் தலைவனைக் கொலைத்தொழிலை விடச் செய்கிறான். பொருளும் பெற்று, வந்த வங்கத்தில் ஏறி ஆதிரையிடம் திரும்புகிறான்.