பரனும் பரையும் இல்லாத பரம்பரை

மகாளய அமாவாசைக்குக் கர்நாடகத்தில் அரசு விடுமுறை. அன்று காலை எங்கள் குடியிருப்புத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும்: தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், அவன் மனைவி பரை, பரனும் பரையும் சேர்ந்தால் பரம்பரை! பாட்டன், பூட்டன், ஓட்டன் வரை சரி. மேல்படியில்தான் சறுக்குகிறது. பரன் என்றால் கடவுள், பரை என்றால் பராசக்தி. அவர்களைத் தாத்தா பாட்டி ஆக்குவது பக்தியில் சேருமே தவிர, சொல்லாராய்ச்சியில் சேராது.

பரம்பரை வடசொல். ‘பர’ என்றால் அடுத்தது; அதை அடுக்கிச் சொன்னால் ஒன்றன்பின் ஒன்று. குருவுக்குப் பின் சீடர், அவருக்குப் பின் அவர் சீடர் என்று வருவதால் வைணவர்களுக்குக் குருபரம்பரை. கன்னடத்துப் ‘பரம்பரெ’யில் மரபு என்ற பொருள் ஓங்கி நிற்கிறது, தமிழில் சொத்து, நோய், வைத்தியர் எல்லாமே பரம்பரை. எங்கே போனாலும் சொல்லுக்குள் ஓடுவது ஒற்றை இழை.

ஆள்கணக்கோ விரிந்துகொண்டே போகிறது. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேலே 8. மகாளய அமாவாசையன்று தர்ப்பணத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டு அப்பா வழியிலும் அம்மா வழியிலுமாக 12 பேரைச் சொல்கிறோம். அதில் இரண்டு பாட்டிகளும் உண்டு. அவர்களைப் பெற்றவர்கள் இல்லை. அந்த 8 பேரில் 4 பேர் அங்கேயே விடுபட்டார்கள். கெம்பே கௌடா பெங்களூருக்குக் கோட்டை கட்டியது 1537இல் என்பார்கள். தலைமுறைக்கு 30 ஆண்டு போட்டால் அது 16ஆம் தலைமுறை: 65,536 பேர். முப்பதாம் தலைமுறையில் 107 கோடி தாண்டும். அந்தக் காலத்தில் உலகம் முழுவதுமே அத்தனை பேர் கிடையாது.

அப்படியென்றால் ஒரே ஆள் பல இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு 8 இடத்துக்கு 6 பேர்தான். 1980களில் பெங்களூரு, மைசூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள். அக்கா மகளைக் கட்டும் வழக்கமும் இங்கே உண்டு. எங்கள் எதிர்வீட்டில் அப்படித்தான்: பையனுடைய அப்பாவைப் பெற்றவரும் அவன் அம்மாவின் அம்மாவைப் பெற்றவரும் ஒருவரே. கன்னடக் கணக்கில் அவர் அஜ்ஜா, முத்தஜ்ஜா இரண்டும். பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் தோளில் மாட்டிவிட்டு, பையன் கூப்பிடுவது ‘தாத்தா’.