ஆலைகளில் கம்பியில்லாத் தரவு வலையமைப்பின் வரலாறு

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வேதிப்பொருள் ஆலை, மின்நிலையம் போன்ற இடங்களில் அழுத்தம், வெப்பநிலை, திரவ மட்டம் ஆகிய அளவீடுகளை வானொலி அலைகள் மூலம் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் அமைப்பே கம்பியில்லாத் தரவு வலையமைப்பு ஆகும். தொலைவிலுள்ள நீரேற்று நிலையங்களிலும் எண்ணெய்க் குழாய்த் தடங்களிலும் வானொலி வழித் தொலையளவீடு முன்பே இருந்தது. ஆனால் ஆலைக்குள் இருக்கும் சிறு கருவிகளுக்கான பொதுத் தரநிலை 2007இல்தான் உருவானது. அலைகளை நம்பி ஆலையை நடத்தலாமா என்ற ஐயமே இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

காற்றுக் குழாயும் மின்கம்பியும்

தொடக்கத்தில் அளவீடுகள் மெல்லிய குழாய்களில் காற்றழுத்தமாக அனுப்பப்பட்டன. சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரை என்பது வழக்கமான எல்லை. பின்னர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் அந்த இடத்தைப் பிடித்தது. தொட்டி காலியாக இருந்தால் 4, நிறைந்திருந்தால் 20.

கீழ் எல்லை சுழியாக இல்லாமல் 4 ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். எனவே ‘தொட்டி காலி’ என்பதையும் ‘செய்தி வரவில்லை’ என்பதையும் இயக்குநர் பிரித்தறிய முடியும். 1980களில் அமெரிக்காவின் ரோஸ்மவுண்ட் நிறுவனம் உருவாக்கிய ஹார்ட் நெறிமுறை, இதே கம்பியில் எண்முறைத் தரவையும் சேர்த்து அனுப்ப வழி செய்தது.

அளக்கப்படாத இடங்கள்

கம்பி நம்பகமானது, ஆனால் செலவு மிகுந்தது. பள்ளம் தோண்டி, காப்புக் குழாய் பதித்து, கம்பி இழுக்கும் செலவு சில வேளைகளில் கருவியின் விலையையே மிஞ்சியது. எனவே பல இடங்களில் கருவி பொருத்தப்படவில்லை. பணியாளர்கள் சுற்றி வந்து அளவுமானிகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினர்.

போதிய அளவீடு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு விபத்து ஒரு சான்று. 2005 டிசம்பர் 11 அதிகாலையில் ஒரு தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தபோது மட்டமானி சிக்கிக்கொண்டு ஒரே அளவைக் காட்டியது. தனியாக இருந்த உயர்மட்ட எச்சரிக்கைச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகிப் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஒரு கருவி பொய் சொன்னால் அதைக் காட்டிக்கொடுக்க மற்றொரு கருவி வேண்டும். கம்பிச் செலவு குறைந்தால் அந்த இரண்டாவது கருவியை வைப்பது எளிது.

நுட்பங்கள் ஒன்றுசேர்தல்

1942இல் நடிகை ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் இருவரும் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைக்கற்றைகளில் பரவல் நிறமாலை முறையை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 1990களின் பிற்பகுதியில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் பிஸ்டர் மிகச் சிறிய கம்பியில்லா உணரிகளை ஆராய்ந்தார். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வானொலிக்கான ஐ.இ.இ.இ 802.15.4 தரநிலை 2003இல் வெளிவந்தது.

இவற்றின் தொடர்ச்சியாக 2007இல் வயர்லெஸ்ஹார்ட் உருவானது. 2010இல் அது ஐ.இ.சி 62591 என்னும் பன்னாட்டுத் தரநிலையானது. இதற்கிடையே 2009இல் ஐ.எஸ்.ஏ 100.11ஏ என்னும் போட்டித் தரநிலையும் வந்தது. இரண்டும் ஒரே வகை வானொலியைப் பயன்படுத்தினாலும் ஒன்றின் கருவி மற்றொன்றின் வலையமைப்பில் சேர முடியாது. இரண்டையும் இணைக்கும் முயற்சி கைகூடவில்லை.

செயல்படும் விதம்

வயர்லெஸ்ஹார்ட்டில் நேரம் 10 மில்லி வினாடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தக் கருவி எந்தத் துண்டில் பேச வேண்டும் என்பது முன்பே குறிக்கப்பட்டிருக்கும். 15 அலைவரிசைகளுக்கிடையே செய்தி தாவிச் செல்கிறது. பெற்ற கருவி உடனே ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் செய்தி மீண்டும் அனுப்பப்படும். ஒரு கருவி மற்றொன்றின் செய்தியையும் கடத்துவதால் ஒரு வழி அடைபட்டாலும் வேறு வழி உண்டு. செய்திகள் 128 பிட் குறியாக்கத்தால் காக்கப்படுகின்றன.

வலையமைப்பை நிறுவும்போது கட்டுப்பாட்டு அறையுடன் இணைக்கும் நுழைவாயில் கருவியின் இடம் முதலில் முடிவு செய்யப்படும். ஒவ்வொரு கருவிக்கும் எட்டும் தூரத்தில் குறைந்தது மூன்று அண்டைக் கருவிகள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இரும்புக் குழாய்கள் நெருங்கிய இடத்தில் எட்டும் தூரம் சுமார் 30 மீட்டர் என்றும், தடைகள் குறைந்த இடத்தில் சுமார் 150 மீட்டர் என்றும் கணக்கிடுவர்.

நம்பிக்கையின் படிநிலைகள்

குறித்த நேரத்தில் அளவீடு வராவிட்டால் நுழைவாயில் அதைப் பழைய தரவு என்று குறிக்கிறது. கம்பிக் காலத்தில் 4 மில்லி ஆம்பியர் செய்த வேலையை இங்கே கடிகாரம் செய்கிறது. ஆயினும் சிக்கிக்கொண்ட மட்டமானியின் தவறான எண்ணை எந்த வலையமைப்பும் தானாகத் திருத்திவிடாது.

ஐ.எஸ்.ஏ எனப்படும் பன்னாட்டுத் தானியக்கக் கழகம் பயன்பாடுகளை 0 முதல் 5 வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்தது. 5 என்பது பதிவுக்கான தரவு. 0 என்பது உயிர் காக்கும் அவசர நடவடிக்கை. கம்பியில்லா முறை பெரிதும் கண்காணிப்பு சார்ந்த வகுப்புகளிலேயே வேரூன்றியுள்ளது. அவசர நிறுத்தம் பெரும்பாலும் இன்றும் கம்பியின் பொறுப்பிலேயே இருக்கிறது.