கையடக்க மின்பெட்டி

கையடக்க மின்பெட்டி என்பது லித்தியம் மின்கலம், இன்வெர்ட்டர், சார்ஜ் கட்டுப்பாட்டுச் சுற்று மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய, தூக்கிச் செல்லக்கூடிய மின்மூலம். கடைக்காரர்கள் இதைப் பவர் ஸ்டேஷன் என்பார்கள். கூடாரம் அடித்துத் தங்குவோருக்கென்று விற்கப்படும் பொருள் இது. தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர்ப் பக்கம் ராத்திரி வெட்டவெளியில் தங்குகிறவர்களோ வேறு ஆட்கள்: மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குக் காவல் இருப்பவர்கள், ஆட்டுக்கிடை போடுபவர்கள், மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வந்து விடிய விடிய விழித்திருக்கும் வெளியூர்க் குடும்பங்கள்.

பெட்டியின் கொள்ளளவை வாட்-மணியில்தான் பார்க்க வேண்டும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர் எண்ணை வோல்ட் தெரியாமல் நம்புவதற்கில்லை. 80,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.2 வோல்ட் கலத்தில் 256 வாட்-மணி மட்டுமே. அதிலும் இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் பத்து முதல் இருபது சதவீதம் வெப்பமாகப் போய்விடும். 20 வாட் டிசி மின்விசிறியும் 5 வாட் எல்இடி விளக்கும் எட்டு மணி நேரம் ஓட 200 வாட்-மணி ஆகும். 250 வாட்-மணிப் பெட்டி ஓர் இரவுக்குச் சரியாக இருக்கும். சிவராத்திரிக் குளிருக்கு விசிறி எதற்கு?

சமையலுக்கு இது ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறக்குறைய 80 வாட்-மணி வேண்டும். தவிர, 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் 300 வாட் வரை மட்டுமே தரும் பெட்டி உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். மிக்ஸிக்கும் அதே கதிதான்.

காவலுக்கு மட்டும் என்றால் பெட்டியே தேவையில்லை என்று சொல்லிவிடலாம். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈயக் கலம் இருக்கும். கணக்குக்கு 96 வாட்-மணி. ஆயுள் குறையாமலிருக்கப் பாதியோடு நிறுத்தினாலும், 5 வாட் பல்பு ராத்திரி முழுக்க எரியும்.

கலங்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை கனம் கூடுதல். ஆனால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை இலேசானது, ஆயுள் குறைவு. கரிசல் வெயிலுக்கு முதலாவதே ஏற்றது. எந்த வகையானாலும் பொதுவாக 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அந்த அளவைத் தாண்டச் சிறிது நேரமே போதும். சார்ஜ் ஏற்றும் சோலார் தகடு வெயிலில் கிடக்கலாம், பெட்டி வேப்பமர நிழலில்தான் இருக்க வேண்டும். தகடும் சூடேறினால் பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் இழக்கும். கோடைப் புழுதி காற்றுத் துளைகளை அடைக்கும் என்பதால், மின்பெட்டியை வெறுந்தரையில் வைக்காமல் கட்டிலிலோ வேறொரு பெட்டியின் மேலோ வைப்பது நல்லது.

கலத்தில் ஐ.எஸ். 16046 தர முத்திரை உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் வருபவர் 100 வாட்-மணி வரையிலான கலத்தைக் கைப்பையில் கொண்டுவரலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். குலசாமி கும்பிட வருபவர்களின் 250 வாட்-மணிப் பெட்டி ரயிலிலோ காரிலோதான் ஊர் வந்து சேர முடியும்.