வாசலுக்கு வந்த கூழ்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கல்வெட்டுகளே. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வழி, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்னும் பிரிவுகள், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பொறுப்புக்கு வரலாகாது என்னும் விதி ஆகிய அனைத்தும் அங்கே எழுத்தாக நிற்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்வூர்ச் சபையின் ஒழுங்கை நாம் படித்து வியக்கிறோம்.

ஆயினும் ஓர் ஊர் தன் நினைவுகள் அனைத்தையும் கல்லில் எழுதி வைப்பதில்லை. கொள்ளைநோயில் ஒரு தெரு வெறிச்சோடியதையும், பண்டிகை நாளில் அடுப்பெரியாத வீடுகளையும் எவரும் உளிகொண்டு செதுக்குவதில்லை. அந்த நினைவைச் சுமப்பது வேறொன்று. தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் அது ஒரு மண்பானை. ஆடி மாதத்துக் கூழ்ப்பானை.

ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம், உத்திரமேரூர்ப் பகுதிச் சிற்றூர்களில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமையில் நிகழும். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்க் கஞ்சியோடு சேர்த்துக் கிளறிக் காய்ச்சுவார்கள். மோரும் சின்ன வெங்காயமும் சேரும். தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரையோ கருவாட்டுக் குழம்போ இருக்கும். பல ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் கூழ்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று, கோயில் முன்னுள்ள பெரிய கொப்பரையில் ஊற்றுவார்கள். ஊற்றிய பின் எது எவர் வீட்டுக் கூழ் என்று பிரித்தறிய இயலாது. வசதியுள்ளவர் வீட்டுக் கூழும் இல்லாதவர் வீட்டுக் கூழும் ஒன்றாய்க் கலந்து, வருவோர் ஏந்தும் பாத்திரங்களுக்குச் செல்லும்.

இவ்வழக்கத்துக்கு ரேணுகாதேவியின் கதையை மக்கள் காரணமாகச் சொல்வார்கள். தீக்காயங்களால் உடல் கொப்புளித்த அத்தாய், வேப்பிலையை ஆடையாக உடுத்தி வந்தபோது, எளிய மக்கள் தம்மிடம் இருந்த மாவையும் வெல்லத்தையும் இளநீரையும் ஈந்தனர் என்பது அக்கதை. ஆடி என்பது விதைப்புக் காலம். முந்திய அறுவடையின் தானியம் குதிரில் அடித்தட்டுக்கு வந்துவிடும் காலம். கோடையில் பரவிய அம்மையும் மழையோடு வந்த வாந்திபேதியும் ஊரை வாட்டியிருக்கும். பசியும் நோயும் ஒருங்கே வந்த நாள்களில், எவரும் பட்டினி கிடக்கலாகாது என்னும் ஏற்பாடாக அந்தக் கொப்பரை நின்றது எனலாம்.

அம்மை கண்ட வீட்டுக்கு நம் முன்னோர் தனி ஒழுங்கு வகுத்திருந்தனர். வாசலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டவுடன் வெளியார் உள்ளே நுழையமாட்டார்கள். வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்லமாட்டார்கள். சமையலில் தாளிப்பு இல்லை, விருந்து இல்லை, விழாவும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே அவ்வீடு மீண்டும் ஊரோடு சேரும். ‘தனிமைப்படுத்தல்’ என்று நாளிதழ்கள் நமக்குக் கற்பித்ததன் ஒரு வடிவத்தை வேப்பிலை முன்பே சொல்லியிருந்தது.

நோய் நீங்கியது வேறு வழியில். 1899-இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம் அம்மைப்பால் தயாரித்துத் தந்தது. ஊர் ஊராக அம்மை குத்துவோர் நடந்தனர். 1975-இல் இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அம்மை போயிற்று, கூழ் நின்றது. ஆனால் கூழ் ஏன் வார்க்கப்படுகிறது என்னும் நினைவு மெல்ல மங்கலாயிற்று.

இவ்வாறு மறப்பது நமக்குப் புதிதன்று. 1918-ஆம் ஆண்டின் கதையை எத்தனை வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம்? அவ்வாண்டு சூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்த இன்புளூயன்சா, ஆண்டின் பிற்பகுதியில் கொடிய வடிவில் நாடெங்கும் பரவியது. பருவமழை பொய்த்திருந்தது. போரின் காரணமாக விலைவாசி ஏறியிருந்தது. செப்டம்பரில் சென்னை நகரில் அரிசிக்காகக் கடைகள் சூறையாடப்பட்டன. நவம்பர்த் தொடக்கத்தில் தீபாவளி வந்தபோது, எண்ணெய்ச் சட்டி வைக்க வலுவுள்ள கைகள் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? இந்தியாவில் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் மடிந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. 1911-இல் 25 கோடியே 21 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1921-இல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. இத்துணைப் பெரிய சாவுக்கு நம் சிற்றூர்களில் ஒரு நடுகல்லைக் காண்பது அரிது. ஒரு கூழ்ப்பானைகூட இல்லை.

இந்த மறதியோடுதான் நாம் 2020-க்குள் நுழைந்தோம். அதற்கு முந்திய ஆண்டில், 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை, காஞ்சிபுரத்தில் அத்திவரதரைக் காண 48 நாள்களில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் திரண்டிருந்தனர். தோளோடு தோள் உரச மனிதர் நின்ற அதே காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவருக்குத்தான், 2020 மார்ச்சு 7 அன்று, தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அவர் நலம் பெற்றுத் திரும்பினார். ஆனால் அதே மாதம் 24-ஆம் நாள் மாலையில் தமிழ்நாட்டின் கதவுகள் அடைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் அம்மைப்பால் தந்த கிண்டி நிறுவனம், இம்முறை தொற்றுப் பரிசோதனையின் களமாயிற்று.

அவ்வாண்டு குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களில்லாத ஆலயங்களில் கொண்டாடப்பட்டன. பெரிய வெள்ளியன்று ஆலய வளாகங்களில் காய்ச்சப்படும் கஞ்சி காய்ச்சப்படவில்லை. இரு நாள் கழித்துச் சித்திரைத் திருநாள் வந்தது; உறவினர் வரவில்லை. ஏப்ரல் 25 அன்று ரமலான் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்ச அரசு ஆண்டுதோறும் தரும் பச்சரிசி அவ்வாண்டும் தரப்பட்டது. 5,450 டன் அரிசி. ஆனால் பள்ளிவாசலில் கூடிக் காய்ச்ச வழியில்லாமையால், அரிசியாகவே குடும்பங்களின் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க ஏற்பாடாயிற்று. பின்னர் ஆடி வந்தது. சூலை, ஆகத்து மாதங்களின் எல்லா ஞாயிறுகளும் தளர்வற்ற முழு ஊரடங்கு நாள்கள். அந்த ஆடியில் ஒரு ஞாயிறுகூடக் கூழுக்கு எஞ்சவில்லை.

எண்ணிப் பாருங்கள். பெரிய வெள்ளிக் கஞ்சி, நோன்புக் கஞ்சி, ஆடிக் கூழ் ஆகிய மூன்றும் எளியவற்றுள் எளிய உணவுகள். மூன்றும் பொது இடத்தில், பெரிய பாத்திரத்தில், முன்பின் அறியாதவருக்கும் ஊற்றப்படுபவை. ஒரே ஆண்டில், நான்கு மாத இடைவெளியில், மூன்று அடுப்புகளும் அணைந்தன. விழா என்றால் பூட்டிய கதவுக்குள் நாமும் நம் குடும்பமும் உண்பதுதானா என்னும் கேள்வி அப்போதுதான் நம்மை நேருக்கு நேர் பார்த்தது.

விடுதலைப் பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை அந்த நாள்களில் பலர் புதிய கண்களோடு படித்திருப்பர். முதல் பாஸ்கா விருந்தே சாவு தெருவில் நடந்த இரவில், கதவடைத்து உண்ட விருந்து. விடியும்வரை எவரும் வாசலைத் தாண்டலாகாது என்பது கட்டளை. ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இன்னொரு கட்டளையும் உண்டு. ஓர் ஆட்டை உண்டு முடிக்க இயலாத அளவுக்குக் குடும்பம் சிறிதாயின், அடுத்த வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவை அடைக்கச் சொன்னவரே, அடைக்குமுன் அடுத்த வீட்டை எண்ணிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆடியில் உத்திரமேரூருக்கு அருகே ஒரு சிற்றூரில் நான் முடங்கியிருந்தேன். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் குரல் கேட்டது. எதிர்வீட்டு மூதாட்டி ஒரு தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவின் நடுவே போய் நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் வாயை மூடியிருந்தார்.

“கிட்ட வராத தம்பி. கூழு வச்சிருக்கேன். தூக்க அப்பால வாங்கிக்கிறேன்.”

கோயிலில் ஊற்ற முடியாத கூழை அவர் வீட்டில் காய்ச்சி, தெருவின் ஒவ்வொரு திண்ணையிலும் வைத்துக்கொண்டு போனார். கொப்பரை இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் கூழ் ஊர் முழுதும் சென்றது. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, பேராயர் சார்லசு பொரோமியோ தெருச் சந்திப்புகளில் பீடங்களை அமைத்து, வீட்டுச் சாளரத்தில் நின்றபடியே மக்கள் திருப்பலி காணச் செய்தார். அவ்வரலாற்றைப் படித்திருந்தேன். ஆயினும் அதன் பொருளை எனக்கு விளக்கியவர் அந்த மூதாட்டி. மக்கள் வர இயலாதபோது விழா மக்களிடம் செல்ல வேண்டும்.

எனினும் இப்படத்தில் ஒரு கறையும் உண்டு. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. எல்லார் கூழும் கலக்கும் கொப்பரை என்று மேலே எழுதினேன். ஆனால் பல ஊர்களில் அந்த ‘எல்லாரும்’ என்பது ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது. சேரிக்கு அம்மன் தனி, கொப்பரை தனி. எட்டி நில் என்னும் சொல் 2020-இல் நம்மில் பலருக்குப் புதியதாய் இருந்தது. சிலரோ அதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள். நோய்க்கு அஞ்சிக் காத்த ஆறடி தூரம் நோய் தணிந்ததும் மறைந்தது. சாதிக்காகக் காத்த தூரம் அவ்வாறு மறையவில்லை. நம் ஆலயங்களும் கல்லறைகளும் இக்குற்றத்துக்கு முற்றிலும் விலக்கானவை என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாது. அந்த மூதாட்டியின் தூக்கும் எங்கள் தெருமுனையோடு திரும்பிற்று என்பதையும் நான் எழுதியாக வேண்டும்.

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை சிற்றூர்களையும் எட்டியது. பெருந்தொற்று தணியுமுன் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 38,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் அந்த மூதாட்டியின் மூத்த மகன். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் பந்தி இல்லை.

சாவு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அவ்வழக்கத்துக்கு மறுபாதியும் உண்டு. அவ்வீட்டார் பலகாரம் செய்யமாட்டார்கள். ஆதலால் அக்கம்பக்கத்தார் செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். துக்கம் அவர்களுடையது, அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் பண்டிகை ஊருடையது. நோய்க்காலம் முதல் பாதியைப் பெருக்கி, இரண்டாம் பாதியை முடக்கியது. துக்க வீடுகள் பல. வந்து கதவைத் தட்டிய கைகள் சில.

அவ்வாண்டு நவம்பர் 4 அன்று தீபாவளி வந்தபோது, எங்கள் வீட்டு அதிரசத்தையும் முறுக்கையும் ஒரு தூக்கில் வைத்து எடுத்துச் சென்றேன். அது அவருடைய தூக்குதான். கூழ் வந்த அன்றே கழுவி வெயிலில் காயவைத்தது, திருப்பித் தராமலே ஓராண்டுக்கு மேல் என்னிடம் தங்கிவிட்டது. பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பித் தரலாகாது என்பார்களே, அதனால் காத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். மறந்துவிட்டேன் என்பதே உண்மை. அவர் வாங்கித் திறந்து பார்த்தார். பேரனை அழைத்து அவன் கையில் கொடுத்தார். எதுவும் சொல்லவில்லை.

2022-இல் பொங்கல் நாளிலும் வழிபாட்டிடங்கள் மூடியிருந்தன. காணும் பொங்கலான சனவரி 16 அன்று முழு ஊரடங்கு. ஒருவரையொருவர் காண்பதற்கென்றே அமைந்த நாளில் எவரும் எவரையும் காணவில்லை. அதன்பின் கதவுகள் திறந்தன. இப்போது ஆடியில் கொப்பரைகள் மீண்டும் ஏறுகின்றன. கூட்டமும் ஒலிபெருக்கியும் பழையபடி வந்துவிட்டன. மறதியும் உடன் வருகிறது.

1918-ஐ நம் தாத்தாக்கள் நமக்குச் சொல்லவில்லை. 2020-ஐ நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோமா? பெரிய நினைவுச் சின்னம் எதுவும் வேண்டியதில்லை. கூழ் வார்க்கும் நாளிலோ, பெரிய வெள்ளிக் கஞ்சியின்போதோ, அந்த இரண்டு ஆண்டுகளில் ஊரில் மறைந்தவர்களின் பெயர்களை, ஊர்த்தெரு, சேரி என்னும் பிரிவின்றி ஒரே பட்டியலாக எழுதி, ஒருமுறை உரக்கப் படிக்கலாம். குடவோலைக்குத் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்ட ஊர் அது. இறந்தோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதுவது அவ்வூருக்குக் கடினமான செயலாகாது.